புது ஆம்ப் வாங்காதே, ஒயரை மாற்று

அன்புள்ள கல்யாணி,

மூன்று மாதமாகப் பதில் போடாததற்கு நீ எவ்வளவு திட்டினாலும் தகும். இங்கே எல்லோரும் சுகம். சித்தி ஊருக்குத் திரும்பிவிட்டாள், மாடிக் குழாய் விவகாரம் அப்படியேதான் இருக்கிறது. மற்றதெல்லாம் அடுத்த கடிதத்தில். புது ஹோம் தியேட்டர் வாங்கப் போகிறேன் என்று எழுதியிருக்கிறாயே, வாங்காதேடி. உன்னுடையதில் ஒரு பழுதும் இல்லை.

டி.வி.டி. போட்டால் பின் ஸ்பீக்கர் இரண்டும் பேசுகின்றன, டிஷ் சேனல் வைத்தால் முன்னால் மட்டும்தான் கேட்கிறது என்று நீயே எழுதியிருக்கிறாய். அந்த ஒரு வரி போதும். ஆம்ப் (ஸ்பீக்கர்களை ஓட்டும் பெட்டி), ஸ்பீக்கர், அவற்றின் ஒயர் எல்லாம் சரியாகவே இருக்கின்றன. 5.1 ஒலி என்றால் முன்னால் மூன்று, பின்னால் இரண்டு, அடித்தொனிக்கு ஒன்று என்று ஆறு தனித்தனி ஒலிகள்; ஒவ்வொன்றும் ஒரு ஒலிச் சேனல். அது வருகிற வழியில் எங்கோ இரண்டாகச் சுருங்குகிறது. நீ அனுப்பிய போட்டோவில் செட்டாப் பாக்ஸிலிருந்து படமும் ஒலியும் சேர்ந்து போகும் ஹெச்.டி.எம்.ஐ. ஒயர் டி.வி.க்குப் போகிறது, ஒலியை வெளிச்சமாக அனுப்பும் டி.வி.யின் ஆப்டிகல் துளையிலிருந்து இன்னொன்று ஆம்புக்கு வருகிறது. நடுவில் இருக்கும் டி.வி.தான் காரணம்.

ஹெச்.டி.எம்.ஐ. செருகியதும், என்னென்ன ஒலியை வாங்கிக்கொள்வேன் என்று டி.வி. பாக்ஸுக்குச் சொல்லிவிடும். நிறைய டி.வி.கள் ஸ்டீரியோ, அதாவது இடது, வலது இரண்டு மட்டும் என்று சொல்கின்றன. உடனே பாக்ஸ் ஆறு சேனலையும் இரண்டாகக் கலந்து அனுப்புகிறது. 5.1-ஐ வாங்கிக்கொள்ளும் டி.வி.யிலும், ஹெச்.டி.எம்.ஐ. வழியாக வந்ததை ஆப்டிகலில் ஸ்டீரியோவாக மட்டுமே வெளியே விடும் மாடல்கள் உண்டு. ஆகவே ஒலிக்கு டி.வி. வழியே வேண்டாம். படம் டி.வி.க்குப் போகட்டும், ஒலி பாக்ஸிலிருந்து நேராக ஆம்புக்குப் போகட்டும்.

உன் பாக்ஸின் பின்னால், ஹெச்.டி.எம்.ஐ.க்குப் பக்கத்தில் சின்ன மூடி போட்ட சதுரத் துளை தெரிகிறது. அதுதான் ஆப்டிகல். டி.வி.யில் செருகியிருக்கும் முனையைப் பிடுங்கி இங்கே போடு. முனையின் இரண்டு மூலை வெட்டியிருக்கும், துளையும் அதே வடிவம். திருப்பிச் செருகினால் போகாது, அழுத்தாதே. சரியாக உட்கார்ந்தால் 'டக்' என்று கேட்கும். புது ஒயர் வாங்கினால் நுனியில் கண்ணாடி மாதிரி ஒரு பிளாஸ்டிக் தொப்பி இருக்கும். அதைக் கழற்றாமல் செருகிவிட்டு ஒயர் செத்துவிட்டது என்று முடிவுகட்டுகிறவர்கள் ஏராளம். பாக்ஸ் ஓடும்போது மறுமுனையில் சிவப்பு வெளிச்சம் தெரிந்தால் ஒயர் உயிரோடு இருக்கிறது. உள்ளே இருப்பது பிளாஸ்டிக் இழை, அலமாரிக்குப் பின்னால் மடித்து நசுக்காதே.

ஆம்பில் ஆப்டிகல் துளை ஒன்றே இருந்து அது டி.வி.க்கே வேண்டுமென்றால், டிஜிட்டல் ஒலியைச் சாதாரண ஒயரில் அனுப்பும் கோஆக்சியல் துளை இருக்கிறதா பார். பாக்ஸிலும் இருந்தால், பழைய டி.வி.டி. பிளேயரோடு வந்த மஞ்சள் வீடியோ ஒயரே போதும், இரண்டு வகை ஒயருக்கும் 75 ஓம்தான். சிவப்பு, வெள்ளை ஆடியோ ஒயரும் சில நேரம் ஓடும், ஆனால் நடுநடுவே ஒலி அறுந்தால் அதைத்தான் முதலில் சந்தேகப்படு. கோஆக்சியல் போட்டதும் 'உம்ம்' என்று இரைச்சல் வந்தால், டிஷ் ஒயரின் எர்த்தும் ஆம்பின் எர்த்தும் சேர்ந்து ஒரு சுற்றாகி மின்சாரம் ஓடுகிறது என்று அர்த்தம். எர்த்தைக் கழற்றிவிடாதே, ஆப்டிகலுக்கே திரும்பிவிடு. அதில் மின்சாரத் தொடர்பே கிடையாது.

ஒயர் மாற்றியது பாதி வேலை. பாக்ஸின் மெனுவில் ஆடியோ பகுதியில் டிஜிட்டல் அவுட்புட் என்று இருக்கும். பெரும்பாலும் பி.சி.எம். என்றே நிற்கும். அதை பிட்ஸ்ட்ரீமுக்கு, அதாவது சுருக்கிய ஒலிப் பொட்டலத்தைப் பிரிக்காமல் அப்படியே அனுப்புவதற்கு மாற்று. சில பாக்ஸில் டால்பி டிஜிட்டல் என்றே எழுதியிருக்கும். பி.சி.எம். என்றால் பாக்ஸே அந்தப் பொட்டலத்தைப் பிரித்து, சுருக்காத ஒலியாக அனுப்புகிறது. 48 கிலோஹெர்ட்ஸ், 16 பிட்டில் இரண்டு சேனலுக்கு நொடிக்கு 1,536 கிலோபிட்; ஆறு சேனலுக்கு 4,608. ஆப்டிகல் வழி இரண்டு சேனல் பி.சி.எம்.முக்காக வகுக்கப்பட்டது, ஆறு அதில் போகாது. டால்பி டிஜிட்டல் பொட்டலத்தைப் பிரிக்காமல் அனுப்பினால் 5.1-க்கு வழக்கமாக 384 அல்லது 448 கிலோபிட்தான், தாராளமாகப் போகும். பிரிப்பது ஆம்பின் வேலை.

பிறகு ரிமோட்டில் ஆடியோ பட்டனை அழுத்து. ஒரே டி.வி. சேனலில் எம்பெக் என்ற வேறு வகை ஸ்டீரியோவும் டால்பியும் தனித்தனி டிராக்காக வரலாம். டால்பி அல்லது ஏசி3 (டால்பி டிஜிட்டலின் இன்னொரு பெயர்) என்று இருப்பதைத் தேர்ந்தெடு. ஆம்பின் முகப்பில் டால்பி என்று எரிவதை மட்டும் நம்பாதே, டால்பியிலேயே ஸ்டீரியோவும் வரும். 3/2.1 (முன்னால் மூன்று, பின்னால் இரண்டு, அடித்தொனி ஒன்று) அல்லது 5.1 என்று காட்டுகிறதா என்று பார். சில சேனல்கள் டால்பி டிஜிட்டல் பிளஸ் என்ற புதிய வகையில் வரும், அது ஆப்டிகலில் போகாது. பாக்ஸ் அதைப் பழைய டால்பியாக மாற்றித் தந்தால் சரி, இல்லையென்றால் ஸ்டீரியோதான் கிடைக்கும். அந்தச் சேனல்களுக்கு ஹெச்.டி.எம்.ஐ. உள்ள ஆம்ப் வேண்டும். அதை அப்போது பார்த்துக்கொள்ளலாம்.

பிட்ஸ்ட்ரீமில் பாக்ஸ் ரிமோட்டின் வால்யூம் ஆம்புக்கு வேலை செய்யாது, பயந்துவிடாதே. டி.வி. ஸ்பீக்கரை அணைத்துவிடு, இல்லையென்றால் எதிரொலிக்கும். உதடு அசைவதற்கு முன்னால் பேச்சு வந்தால், டி.வி. படத்தைச் செதுக்க நேரம் எடுக்கிறது. ஆம்பில் ஆடியோ டிலேயை 10 மில்லிசெகண்டாக ஏற்றிக்கொண்டே போ. ஒயர் இல்லாமல் ஒலி அனுப்ப சேகர் சொன்ன புளூடூத் பெட்டி வேண்டவே வேண்டாம். வழக்கமான புளூடூத்தில் போவது ஸ்டீரியோ, நாம் இத்தனை பாடுபடுவதே அதிலிருந்து வெளியே வரத்தான்.

நான் உடனே எழுத உட்கார்ந்ததற்கு உன் கடிதத்தின் கடைசி வரிதான் காரணம். "அப்பாவுக்குப் பேச்சு புரியவில்லையாம், எழுந்து போய்விடுகிறார்" என்று போகிறபோக்கில் எழுதியிருந்தாய். கல்யாணி, அதுவும் இதே கோளாறாக இருக்கலாம். 5.1-ல் வசனம் பெரும்பாலும் நடு ஸ்பீக்கருக்கென்று தனியாக வருகிறது. இரண்டாகச் சுருக்கும்போது அது 3 டெசிபல் குறைந்து, இடதிலும் வலதிலும் இசையோடும் இரைச்சலோடும் கலந்துவிடுகிறது. அதற்குப் பிறகு எவ்வளவு சத்தம் வைத்தாலும் எல்லாம் சேர்ந்தே ஏறும். 5.1 முழுசாக வந்தால், ஆம்பின் ஸ்பீக்கர் லெவலில் சென்டரை மட்டும் 3 டெசிபல் ஏற்று, போதவில்லையென்றால் 5. நைட் மோட் இருந்தால் அதையும் போட்டுப் பார், சண்டைச் சத்தம் அடங்கும். நடு ஸ்பீக்கர் அலமாரிக்குள் ஒளிந்திருந்தால் விளிம்புக்கு இழுத்து, அவர் நாற்காலியைப் பார்த்து நிறுத்து.

அப்பாவுடைய ஹெட்செட்டை டிஜிட்டல் துளையில் மாட்டாதே. பிட்ஸ்ட்ரீம் போட்டதும் அது ஊமையாகலாம், இல்லை இரையலாம். பாக்ஸின் சிவப்பு, வெள்ளைத் துளையில் மாட்டினால் ஸ்டீரியோ வந்துகொண்டே இருக்கும்.

மாற்றிவிட்டு ஆம்பின் முகப்பில் என்ன எழுத்து வருகிறது என்று அப்படியே எழுதி அனுப்பு. அப்பா எழுந்து போகாமல் முழுப்படமும் பார்த்தாரா என்பதையும் எழுது.

அன்புடன்,
மீனா