தலையை நிமிர்த்திப் பார்

அன்பு பாப்பாவுக்கு,

மெட்ரோலிங்க் ரயிலில் மிசிசிப்பி ஆற்றைத் தாண்டும்போதெல்லாம் நீ ஃபோனைத்தான் பார்த்துக்கொண்டிருப்பாய் என்று எனக்குத் தெரியும். ஒரு நாளாவது நிமிர்ந்து பார். செயின்ட் லூயிஸின் அந்த ஈட்ஸ் பாலம் 1874-இல் திறந்தது. ரயில்வேயில் பாலத்து இரும்பு உத்தரங்களைப் பார்த்தே தலை நரைத்தவன் சொல்கிறேன், லேசுப்பட்ட பாலம் இல்லை.

அதைக் கட்டிய ஜேம்ஸ் ஈட்ஸ் அதற்கு முன் ஒரு பாலம்கூடக் கட்டியதில்லை. மூழ்கிய படகுகளில் சரக்கெடுப்பதற்காக ஆற்றின் அடியிலேயே நடந்தவர். வெள்ளம் மணலை எப்படி அரிக்கும் என்று காலாலேயே தெரிந்த ஆள், அதனால் பாறையைத் தொடாமல் தூண் எழுப்பமாட்டேன் என்று நின்றுவிட்டார். அதற்காகக் கேசன் இறக்கினார்கள். அடிப்பக்கம் திறந்த பெரிய இரும்புப் பெட்டி அது. தண்ணீர் புகாதபடி உள்ளே காற்றை அழுத்தி அடைத்திருப்பார்கள், ஆட்கள் அதற்குள் நின்று மணலைத் தோண்டவேண்டும். ஆழம் கூடக்கூட அழுத்தமும் கூடும். மேலே வந்தவர்கள் வயிற்றையும் மூட்டுகளையும் பிடித்துக்கொண்டு சுருண்டார்கள், பத்துப் பேருக்கு மேல் செத்தே போனார்கள். ரத்தத்தில் கரைந்த நைட்ரஜன் குமிழியாகிறது என்று அப்போது அவர்களில் யாருக்குத் தெரியும்? துத்தநாகமும் வெள்ளியும் கோத்த பட்டையைத் தாயத்து மாதிரி கையிலும் காலிலும் கட்டிக்கொண்டு இறங்கினார்கள், பாவம். ஈட்ஸின் டாக்டர் ஜாமினே தானே உள்ளே போய்ப் பார்த்துவிட்டு மூன்றரை நிமிடத்தில் அழுத்தத்தை இறக்கி வெளியே வந்தார், கை கால் விழுந்துவிட்டது. எப்படியோ பிழைத்தார். அப்புறம் வேலை நேரத்தைக் குறைத்தார்கள்.

எனக்கு ரொம்பப் பிடித்தது 1873 செப்டம்பரில் நடந்தது. இரண்டு பக்கத்திலிருந்தும் நீட்டிய ஆர்ச், அதாவது பாலத்தைத் தாங்கும் வளைவு, நடுவில் சேரவேண்டும், வெயிலில் எஃகு நீண்டு இடைவெளி போதவில்லை. 19-ஆம் தேதிக்குள் சேர்த்தால்தான் லண்டனில் கடன் கிடைக்கும். ஐஸை வைத்து மூடிக் குளிர்வித்துப் பார்த்தார்கள், பலிக்கவில்லை. ஆனால் ஈட்ஸ் முன்கூட்டியே மரை போட்ட குழாய்களைத் தயார் செய்து வைத்திருந்தார், அதைத் திருகி நீளத்தைச் சரிசெய்து 17-ஆம் தேதி சேர்த்துவிட்டார்கள். அவர் அப்போது ஊரிலேயே இல்லை, லண்டனில் இருந்தார்!

திறப்புக்கு முன், பாலம் தாங்கும் என்று ஊர் நம்பட்டும் என்று யானையை நடக்கவிட்டார்கள், அப்புறம் எஞ்சின்களை ஏற்றினார்கள். இத்தனைக்கும் பிறகு ஒரு வருடத்துக்குள் பாலத்துக் கம்பெனி திவால்.

மேல்தளத்தில் நடைபாதை இருக்கிறதாம். நடந்து போய், கரையிலிருந்து ஆர்ச்சின் குழாய்கள் தெரிகிற மாதிரி ஒரு படம் எடுத்து அனுப்பு. செல்ஃபி வேண்டாம்.

அன்புடன்,
அப்பா