எங்களுக்கு ஒரு கதவு வேண்டும்: பயிற்சி நிலையப் பணிப்பாளருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய பணிப்பாளர் அவர்களுக்கு,

வணக்கம். போன சனிக்கிழமை உங்கள் நிலையத்தில் தீக்கதவுப் (தீயும் புகையும் பரவாமல் தடுக்கும் கதவு) பரிசோதனைப் பயிற்சிநெறியை முடித்துச் சான்றிதழ் வாங்கிய பதினெட்டுப் பேரில் நானும் ஒருவன். தங்க நிற முத்திரை நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அதைக் கையில் வாங்கும்போது வெட்கமாக இருந்தது. ஆறு வாரத்தில் நாங்கள் ஒரு கதவைக்கூடத் தொடவில்லை.

இரண்டாம் வாரம் வாயால் கேட்டோம். நான்காம் வாரம் எல்லோரும் கையொப்பம் வைத்து எழுத்தில் கேட்டோம். "அடுத்த அணிக்குப் பார்ப்போம்" என்று பதில் வந்தது.

விரிவுரையாளரைக் குறை சொல்ல மாட்டேன். கதவுக்கும் நிலைக்கும் நடுவில் 3 மில்லிமீற்றர் அளவுதான் இடைவெளி இருக்கலாம், விளிம்பில் பதித்த பட்டி சூட்டில் பொங்கி அதை அடைக்கும், 60 நிமிடம் தீயைத் தாங்கும் கதவென்றால் பிணைச்சல், பூட்டு, கண்ணாடி எல்லாம் சேர்ந்துதான் அந்த 60 நிமிடம் என்று தெளிவாகச் சொல்லித் தந்தார். 2017இல் லண்டன் கிரென்ஃபெல் கோபுரத்தில் 72 பேர் இறந்ததையும், தானாக மூடாத வீட்டுக் கதவுகள் வழியே புகை பரவியதையும் சொன்னபோது வகுப்பில் ஒரு சத்தமில்லை. ஆனால் 3 மில்லிமீற்றரைத் திரையில் பார்த்து எப்படிப் படிப்பது? உங்கள் புரொஜெக்டரில் அது ஒரு சாண்.

திங்கட்கிழமை, கொள்ளுப்பிட்டியில் நான் வேலை செய்யும் கட்டடத்தின் ஏழாம் மாடி. படிக்கட்டுக் கதவை முழுக்கத் திறந்து விட்டேன், தானாக வந்து மூடியது. படிவத்தில் "சரி" என்று போட்டேன். பக்கத்தில் நின்ற தச்சு பாஸ் சிரித்தார்.

"தம்பி, அரைச் சாண் மட்டும் திறந்து விட்டுப் பாருங்கோ."

விட்டேன். கதவு மெல்ல வந்து நிலையில் சாய்ந்து நின்றது. பூட்டின் நாக்குக் கொளுவவில்லை. ஒரு விரலால் தள்ளத் திறந்துகொண்டது. அவர் ஏணியில் ஏறி, கதவைத் தானாக மூடவைக்கும் டோர் குளோசரைக் காட்டினார். அதில் இரண்டு திருகு. ஒன்று கதவு வரும் வேகத்துக்கு, மற்றது கடைசியில் இழுத்துக் கொளுவுவதற்கு. இரண்டாவதைக் கால் சுற்றுத் திருப்பினார். அடுத்த முறை "டக்" என்று பூட்டியது. அந்த "டக்"கை எந்த ஸ்லைட்டில் காட்டுவீர்கள்? பிறகு கதவின் விளிம்பைத் தடவச் சொன்னார். அடையாளத் தகட்டின்மேல் இரண்டு பூச்சு பெயின்ட். கீழ்ப் பிணைச்சலில் ஒரு திருகாணி கடற்காற்றில் துருவேறி, தொட்டதும் கையோடு வந்தது. ஐந்து நிமிடத்தில் அவர் படிப்பித்தது இவ்வளவு. அவரிடம் சான்றிதழ் கிடையாது.

அதனால்தான் கேட்கிறோம்: வகுப்பில் ஒரு கதவை நிறுத்துங்கள். நிலையோடு, குளோசரோடு, வேண்டுமென்றே நாலு பிழை வைத்த ஒரு கதவு.

உங்களிடம் கதவே இல்லை என்றும் சொல்வதற்கில்லை. வகுப்பறைக்கு வெளியே, படிக்கட்டு வாசலில் நல்லதொரு தீக்கதவு இருக்கிறது. ஆறு வாரமும் அதற்கு 19 லீற்றர் தண்ணீர்ப் போத்தலை முட்டுக்கொடுத்திருந்தீர்கள், காற்று வரட்டும் என்று. "மூடியே வைக்கவும்" என்ற அறிவிப்பு அதில் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் மட்டும். கைநூலும் அப்படியே. 1987இல் பதின்மூன்றாம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது, உங்கள் படிக்கட்டில் மட்டும் இன்னும் ஏறவில்லை போலும். புறக்கோட்டையில் கதவை மறைத்துப் பெட்டி அடுக்கும் பையனுக்கு நாங்கள் எந்த மொழியில் விளக்குவது? மன்னிக்கவும், அது வேறு கதை, அதற்குத் தனியாக எழுதுகிறேன்.

கட்டணத்தைத் திருப்பிக் கேட்கவில்லை. எங்களுக்குப் பிறகு வரும் அணிக்காவது ஒரு கதவைத் தாருங்கள். வாங்கச் செலவாகும் என்றால், எங்கள் கட்டடத்தில் கழற்றிய பழைய கதவொன்று நிலையோடு கீழ்த்தள வாகனத் தரிப்பிடத்தில் சாய்ந்து கிடக்கிறது. முகாமையாளரிடம் கேட்டுவிட்டேன், கொண்டு போகச் சொல்லிவிட்டார். லொறிக் கூலியைப் பதினெட்டுப் பேரும் பங்கு போடுகிறோம். எந்த நாள் கொண்டு வரலாம் என்று மட்டும் தயவுசெய்து அறியத் தாருங்கள். வரும்போது அந்தத் தண்ணீர்ப் போத்தலையும் நாங்களே எடுத்து வைக்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் பழைய மாணவன்,
கட்டடப் பராமரிப்பு ஊழியன், கொழும்பு 13