பழவேற்காட்டுக்காரி ஒருத்தி

கேப் டவுன்
புரட்டாசி முதல் வாரம்

அன்பு ஏழுமலைக்கு,

உன் கடிதம் வந்து ஒரு மாதம் ஆகிவிட்டது. வாட்ஸ்அப்பில் இரண்டு வரி போட்டிருக்கலாம். நீ நாலு பக்கம் பேனாவால் எழுதி அனுப்பியிருக்கும்போது அதற்குக் கட்டைவிரல் படம் போட மனசு வரவில்லை. மூட்டு ஆபரேஷனுக்குப் பிறகு மாடிப்படி ஏறுகிறேன் என்று எழுதியிருக்கிறாய். ஏறு, ஆனால் பந்தயம் கட்டிக்கொண்டு ஏறாதே. உன்னை எனக்குத் தெரியும்.

இங்கே குளிர் இப்போதுதான் விலகுகிறது. மகனும் மருமகளும் காலையில் போனால் இருட்டித்தான் வருகிறார்கள். பகல் முழுக்க நானும் மேசை மலையும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருப்போம். அப்படிச் சும்மா கிடந்தவனைப் பேத்திதான் கிளப்பிவிட்டாள். அந்தக் கதையைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

பள்ளிக்கூடத்தில் ஆளாளுக்கு வம்சாவளிப் படம் வரைந்து வரச் சொல்லியிருந்தார்கள். என்னிடம் வந்தாள். அப்பா, தாத்தா, தாத்தாவின் அப்பா, அதற்குமேல் எனக்குத் தெரியாது. பெண்கள் பக்கம் அதுவும் இல்லை. பாட்டியின் அம்மாவைப் 'பெரியாயி' என்றே எல்லோரும் கூப்பிட்டதால் அவளுடைய நிஜப் பெயர் ஒருவருக்கும் தெரியாது. பேத்தி 'பெரியாயி' என்றே எழுதிக்கொண்டு போனாள்.

திரும்பி வந்ததும் ஒரு கேள்வி கேட்டாள்: "தாத்தா, பாலியாகட்டா இந்தியாவில் இருக்காமே, எங்கே?" கூடப் படிக்கும் வெள்ளைக்காரப் பெண் ஒருத்தி, வீட்டில் டச்சு வழிவந்த ஆப்பிரிக்கான்ஸ் மொழி பேசுகிறவள், குடும்பப் பெயர் ஸ்னைமன். தாளோடு தாள் ஒட்டி அவள் கொண்டுவந்த படம் பதின்மூன்று தலைமுறை போகிறதாம். அதன் உச்சியில் 'க்ரோட்டெ காத்ரைன் வான் பாலியாகட்டா' என்று எழுதியிருக்கிறதாம்.

இரண்டு தடவை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். இரண்டாவது தடவை தூக்கிவாரிப் போட்டது. பாலியாகட்டா, பழவேற்காடு! நம்ம பழவேற்காடு! பொன்னேரியிலிருந்து சைக்கிள் மிதித்துப்போய், டச்சுக்காரன் கல்லறை வாசலில் செதுக்கியிருக்கும் எலும்புக்கூடுகளைப் பார்த்து நீ உள்ளே வரமாட்டேன் என்று அடம்பிடித்தாயே, அந்த ஊர்.

'வான்' என்றால் 'இன்ன ஊரைச் சேர்ந்த' என்று பொருள். டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி அடிமைகளுக்கு ஒரு கிறிஸ்தவப் பெயரோ கிரேக்க, ரோமானியப் பெயரோ வைத்து, பிடித்த ஊரையோ வாங்கிய ஊரையோ பின்னால் ஒட்டிவிடும். வான் பெங்கால், வான் மலாக்கா, வான் கோரமண்டல் என்று ஏடு நிறைய இருக்கிறது. சிலருக்கு மாதத்தின் பெயரையே வைத்துவிட்டார்கள். செப்டம்பர், பிப்ரவரி என்ற குடும்பப் பெயர்கள் இன்றைக்கும் இந்த ஊரில் உண்டு. 'க்ரோட்டெ' என்றால் பெரிய. நம் வீடுகளில் பெரிய லட்சுமி, சின்ன லட்சுமி என்பதுபோல் பல காத்ரைன்களில் இவள் பெரிய காத்ரைன். எங்கள் பெரியாயியும் அவளும் ஒரே விதமாகப் பெயரைத் தொலைத்தவர்கள் என்று தோன்றியது. 'காத்தாயி'தான் காத்ரைன் ஆனாளோ என்றுகூட நினைத்தேன். சிரிக்காதே, ஆதாரம் இல்லை என்று எனக்கும் தெரியும்.

அவள் பிறந்தது 1631 வாக்கில். அப்போது பழவேற்காட்டில் டச்சுக்காரரின் கெல்ட்ரியா கோட்டை எழுந்து ஏறக்குறைய இருபது வருஷம் ஆகியிருந்தது. நமக்கெல்லாம் அங்கிருந்து துணி போனது தெரியும். ஆளும் போனதை யாரும் சொல்லித்தரவில்லை. பஞ்சம் வந்தால் ஜனங்கள் பிள்ளைகளையும் தங்களையுமே விற்றார்கள், கம்பெனி வாங்கிக் கப்பல் ஏற்றியது. 1646-ல் மட்டும் சோழமண்டலக் கரையிலிருந்து 2,000 பேருக்கு மேல் பத்தாவியாவுக்கு, அதாவது இன்றைய ஜகார்த்தாவுக்குப் போயிருக்கிறார்கள். காத்ரைன் எந்த வருஷம், யார் கையால் போனாள் என்பதற்குத் தாள் இல்லை.

அவள் தாளில் ஏறுவதே ஒரு கொலை வழக்கில்தான். 1656, பத்தாவியா. அவளோடு பழகிவந்த இன்னொரு அடிமை, மலாக்காக்காரன், அவளைத் தாக்க வருகிறான். இவள் திருப்பித் தாக்கியதில் அவன் செத்துப்போகிறான். மரண தண்டனை விதித்து, பிறகு அதை ஆயுள் முழுக்க நாடுகடத்தலாகக் குறைத்து, 1657-ல் இந்த கேப்புக்கு அனுப்பிவிட்டார்கள். இங்கே அப்படி வந்த பெண் கைதிகளில் ஏட்டில் இருக்கும் முதல் ஆள் அவள்தான். அப்போது இது ஊரே இல்லை. கப்பல்கள் தண்ணீரும் காய்கறியும் ஏற்றிக்கொள்ள ஐந்து வருஷத்துக்கு முன் கம்பெனித் தளபதி வான் ரீபெக் போட்ட ஒரு மண்கோட்டை, அவ்வளவுதான். அந்த வான் ரீபெக் வீட்டுத் துணிகளைத்தான் நம் ஊர்க்காரி துவைத்தாள்.

மலைச்சரிவில் ப்ளாட்டெக்லிப் என்ற ஓடையோரம் பழைய சலவைக்கூடங்கள் நிற்கின்றன. கட்டடங்கள் அவள் காலத்துக்கு ரொம்பப் பிந்தியவை, தண்ணீர் பழைய தண்ணீர். போன ஞாயிற்றுக்கிழமை பேத்தியோடு போய்ச் செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை வைத்தேன். எலும்பு வரைக்கும் ஜில்லென்றது. ஏரித் தண்ணீரின் வெதுவெதுப்பில் வளர்ந்தவள் இந்தக் குளிரில் எப்படிக் கையை வைத்தாளோ.

ஜெர்மனியில் ஹைடல்பர்க் ஊர்க்காரனான ஸ்னைமன் என்ற சிப்பாயோடு அவளுக்கு ஒரு பையன் பிறந்தான். அந்தச் சிப்பாய் காவல் வேலையை விட்டுவிட்டு ராத்திரியில் அவளைப் பார்க்கப் போனதற்காக ராபன் தீவுக்கு அனுப்பப்பட்டவன். ஆமாம், பிற்காலத்தில் மண்டேலாவை அடைத்து வைத்திருந்த அதே தீவு. கவனித்தாயா, இதுவும் தண்டனை ஏடுதான். 1668-ல் அவள் ஞானஸ்நானம் பெற்றாள், அடுத்த வருஷம் பையன் கிறிஸ்டோஃபெல். அவளுக்கு மன்னிப்பும் கிடைத்தது. 1671-ல் அந்தோணி என்ற வங்காளத்துக்காரரைக் கட்டிக்கொண்டாள். அவரும் விடுதலை பெற்றவர். இப்படிப்பட்டவர்களைச் 'சுதந்திரக் கறுப்பர்' என்று ஏட்டில் தனியாகக் குறித்தார்கள். விடுதலை கொடுத்தாலும் நிறத்தை விடவில்லை பார்.

பையன் கிறிஸ்டோஃபெல் பிரெஞ்சு பேசும் புராட்டஸ்டண்ட் அகதிக் குடும்பத்துப் பெண்ணை மணந்தான். அங்கிருந்து கிளைத்ததுதான் இன்றைய ஸ்னைமன் கூட்டம். இந்தச் சங்கதிகளைக் கோர்ட்டுத் தாள், ஞானஸ்நானப் பதிவு, ஆள்கணக்கு என்று வருஷக்கணக்காகத் தோண்டி வெளியே கொண்டுவந்தவர் மான்செல் அப்ஹாம் என்ற ஆராய்ச்சியாளர்.

எனக்கும் ஆசை விடவில்லை. ரோலண்ட் தெருவில் இருக்கும் ஆவணக் காப்பகத்துக்குப் போனேன். முன்பு சிறை இருந்த இடம், பழைய மதில் இன்னும் நிற்கிறது. பேனாவை வெளியே வைத்துவிட்டுப் பென்சிலோடு போக வேண்டும். பழைய டச்சுக் கையெழுத்து எனக்குக் கோழி கிளறினது மாதிரிதான் இருந்தது. ஆனால் பெயர்ப்பட்டியலில் விரலை ஓட்டிக்கொண்டே வந்தால் நம் பக்கத்து ஊர்கள் ஒவ்வொன்றாக எட்டிப் பார்க்கின்றன. நாகப்பட்டினம், தூத்துக்குடி. ஊர்கள்தான். முருகாயி, பொன்னி என்று ஒன்றும் இல்லை.

நீ உன் கடிதத்தில் உங்கள் கொள்ளுத்தாத்தா ரங்கூனுக்குப் போன விஷயத்துக்குத் துப்பே கிடைக்கவில்லை என்று அலுத்துக்கொண்டாயே. யோசித்துப் பார்த்தேன். உன் கொள்ளுத்தாத்தாவை யாரும் சொத்தாக எண்ணவில்லை, கூண்டில் ஏற்றவில்லை. காத்ரைனை முதலில் சொத்துக் கணக்கில் வைத்து, பிறகு குற்றவாளியாக விசாரித்தார்கள். அதனால் அந்த வெள்ளைக்காரக் குட்டி ஒரே மூச்சில் பழவேற்காட்டில் போய் நிற்கிறாள். பொன்னேரியில் பிறந்த நான் மூன்றாம் தலைமுறையில் முட்டிக்கொண்டு நிற்கிறேன். இதற்குச் சந்தோஷப்படுவதா வயிறெரிவதா தெரியவில்லை.

அந்தக் குட்டிக்கு அதெல்லாம் இல்லை. "எங்க பாட்டி கொலை பண்ணியிருக்கா" என்று வகுப்பில் பெருமை அடித்தாளாம்! அவள் தாத்தா காலத்தில் இதை வாயிலிருந்து விட்டிருக்க முடியாது. 1949-ல் கலப்புத் திருமணத்துக்குத் தடை, 1950-ல் ஒவ்வொருவரையும் இனம் பிரித்துப் பதிவுசெய்யும் சட்டம். அப்போது வெள்ளையர் வீடுகளில் இந்த மாதிரிப் பாட்டிகளைப் பற்றி மூச்சுவிட மாட்டார்கள்.

காத்ரைனோடு அன்சேலா என்று ஒரு வங்காளத்துப் பெண்ணும் இருந்தாள். 1666-ல் விடுதலையானவள். அவள் கதை இன்னும் பெரிது. அவள் மகள் கடைசியில் க்ரூட் கான்ஸ்டான்சியா என்ற பெரிய திராட்சைப் பண்ணைக்கே எஜமானி ஆனாள். அதை இன்னொரு கடிதத்தில் எழுதுகிறேன், கை வலிக்கிறது.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். அந்த ஸ்னைமன் பெண்ணின் பாட்டி ஒருநாள் எங்களை வீட்டுக்குக் கூப்பிட்டு டீ கொடுத்தார். பழைய சாமான்களைக் காட்டும்போது ஒரு மரக்கட்டிலைத் தட்டி "காட்டெல்" என்றார். நான் "கட்டில்" என்றேன். அவர் என் உச்சரிப்பைத் திருத்தினார். நானும் அவருடையதைத் திருத்தினேன். தமிழிலிருந்து மலாய், போர்த்துகீசு என்று எங்கெங்கோ சுற்றி வந்த சொல்தான் அது என்று பிறகு அகராதியில் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

சரி, உனக்கு ஒரு வேலை. கால் தேறியதும் பஸ் பிடித்துப் பழவேற்காடு போய் நாலு போட்டோ எடுத்து அனுப்பு. அந்தக் குட்டி கேட்டிருக்கிறாள். எலும்புக்கூட்டு வாசல் வேண்டாம். ஏரியை எடு, பூநாரை இருந்தால் அதையும் எடு. அப்புறம் கடற்கரைக்குப் போய், கடலுக்கு முதுகைக் காட்டி நின்று ஊர்ப் பக்கமாக ஒன்று எடு. படகில் போகிறவளுக்கு எப்படித் தெரிந்திருக்குமோ, அப்படி.

வீட்டில் எல்லோருக்கும் என் அன்பு.

உன்,
சம்பந்தம்