பிடிபட்ட செய்தி வருகிறது, வீடு திரும்பிய செய்தி எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மீன்பிடித் தடைக்காலம் பற்றி உங்கள் நாளிதழில் வந்த தலையங்கத்தைப் படித்தேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கரையில் நிற்பது கடலுக்கு நல்லது, ஆனால் குடும்பத்துக்கு 8,000 ரூபாய் நிவாரணம் போதாது என்று எழுதியிருந்தீர்கள். இரண்டும் சரிதான். 2017-ல் 45 நாளை 61 ஆக்கியபோது இங்கே முணுமுணுத்தவர்கள்கூட இப்போது பழகிவிட்டார்கள். நான் எழுத வந்தது வேறு விஷயம்: இலங்கைக் கடற்படை பிடித்துப்போகிற எங்கள் ஊர் மீனவர்கள் அப்புறம் என்ன ஆனார்கள் என்பது.

அஞ்சல் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். தங்கச்சிமடத்தில் வீடு. காலையில் பேப்பர் வந்ததும் தாளை நடுவில் பிரித்து, முன்பக்கங்களை நானும் பின்பக்கங்களை என் மனைவியும் எடுத்துக்கொள்வோம். ராசிபலன் முடிந்த பிறகுதான் அவள் ஊர் உலகத்துக்கு வருவாள். அதற்குள் எனக்குக் காபி ஆறிவிடும். அது தனிக் கதை.

மற்ற ஊர்களில் எப்படியோ, எங்கள் வீட்டில் செய்தி அடுப்படி வழியாகத்தான் நுழைகிறது. ராமேசுவரத்தில் விசைப்படகுகள் திங்கள், புதன், சனிக்கிழமைகளில் டோக்கன் வாங்கிக்கொண்டு கடலுக்குப் போகும். மற்ற நாட்கள் நாட்டுப்படகுக்கு. போன விசைப்படகு மறுநாள் காலை கரைக்கு வரும் என்பதால், செவ்வாய், வியாழன், ஞாயிறு எங்கள் சட்டியில் என்ன கொதிக்கும் என்பதைக் காலண்டர் பார்க்காமலே சொல்லிவிடலாம். தென்மேற்கில் இருந்து கச்சான் காற்று அடித்தால் தென்கடல் முரண்டு பிடிக்கும், வாடை வந்தால் வடகடல். நாட்டுப்படகு மீனுக்கு ருசி அதிகம் என்பது என் கட்சி. விலையும் அதிகம் என்பது அவள் கட்சி. படகுகள் வேலைநிறுத்தம் என்றால், நீங்கள் அச்சிடுவதற்கு முன்பே எங்களுக்குத் தெரிந்துவிடும். அன்று கத்தரிக்காய்.

சில வாரங்களுக்கு முன் அவள் பின்வாசல் படியில் உட்கார்ந்து காரல் ஆய்ந்துகொண்டிருந்தாள். பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊறும் என்பார்கள், மகள் பிள்ளை பெற்ற நாளில் இருந்து எங்கள் வீட்டில் காரல் சொதிக்குத் தனி மரியாதை. செதிலும் குடலும் விழுவதற்குப் பழைய பேப்பரை விரித்திருந்தாள். கழுவிய மீனைச் சட்டியில் போட்டுவிட்டுத் தாளைச் சுருட்டப் போனவள், கண்ணாடியை மூக்கில் தள்ளிக்கொண்டு வாசிக்க ஆரம்பித்தாள். எல்லை தாண்டியதாக இலங்கைக் கடற்படை பிடித்துப்போன மீனவர்களின் செய்தி அது. பாதிப் படம் நனைந்து கருத்திருந்தது.

“என்னங்க, இந்தப் பிள்ளைக வந்துட்டாகளா, இல்ல இன்னும் அங்கேதான் இருக்காகளா?” என்றாள்.

எனக்குத் தெரியவில்லை. அடுக்கி வைத்திருந்த பேப்பர்களை எல்லாம் புரட்டினேன். பிடிபட்ட அன்று முதல் பக்கம். மறுநாள் மீனவர் சங்கக் கூட்டம், கண்டன ஆர்ப்பாட்டம், தலைவர்களின் அறிக்கை. அதற்கப்புறம் அந்த ஆட்களைப் பற்றி ஒரு வரி இல்லை. வேறு படகு, வேறு ஆட்கள், அதே தலைப்பு.

என் உத்தியோகக் காலத்தில் பதிவுத் தபாலோடு ஒப்புகை அட்டை என்று ஒன்று போகும். கடிதம் போய்ச் சேர்ந்து, வாங்கியவர் கையெழுத்துப் போட்டு, அந்த அட்டை திரும்பி அனுப்பியவர் கைக்கு வந்தால்தான் விவகாரம் முடிந்ததாக அர்த்தம். பதிவுத் தபாலையே 2025-ல் விரைவுத் தபாலோடு சேர்த்துவிட்டார்கள், அதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான், போகட்டும். நீங்கள் அனுப்புகிற செய்திகளுக்கு ஒப்புகை அட்டை வருவதே இல்லை.

எங்கள் தெருவிலேயே அப்படி ஒரு வீடு உண்டு. படகு பிடிபட்ட அன்று டிவிக்காரர்கள் வாசலில் நின்றார்கள். அந்தப் பெண் அழுததைப் பக்கத்தில் மைக்கை வைத்து எடுத்துக்கொண்டு போனார்கள். அடுத்த வாரம் அந்த வாசலில் யாரும் இல்லை. அங்கே இலங்கை நீதிமன்றத்தில் காவலை நீட்டிக் கொண்டே போனார்கள். அவள் தினமும் காலையில் எங்கள் திண்ணைக்கு வந்து, “பெரியப்பா, பேப்பர்ல இன்னைக்கு எதுவும் போட்டிருக்கா?” என்று கேட்பாள். நான் இல்லை என்று சொல்ல வேண்டும். இதற்கிடையில் விடுதலையானவர்கள் பட்டியல் என்று வாட்ஸ்அப்பில் ஒன்று சுற்றியது. அவளுக்கு நாலு பேர் அனுப்பினார்கள். பார்த்தால் அது பழைய பட்டியல், வேறு ஊர் ஆட்கள். பேப்பரில் வந்தால் நம்பலாம் என்று அவள் காத்திருந்தது அதனால்தான். கடைசியில் புருஷன் வந்து சேர்ந்தான். படகு வரவில்லை, அங்கேயே அரசுடைமை ஆகிவிட்டது. அவன் வந்ததும் எந்தப் பேப்பரிலும் இல்லை.

இடமில்லை, ஆளில்லை என்று சொல்லாதீர்கள். பாம்பன் பாலத்துக்கு நீங்கள் செய்ததை நான் பார்த்திருக்கிறேன். 1914-ல் திறந்த பழைய பாலத்தில் 2022 டிசம்பரில் ரயிலை நிறுத்தினார்கள். அதில் இருந்து 2025 ஏப்ரல் 6-ல் புதுப் பாலம் திறக்கிற வரை, தூண் இறக்கியதையும், 72.5 மீட்டர் நீளத் தூக்குப் பகுதியை நகர்த்தியதையும், சோதனை ஓட்டத்தையும் விடாமல் எழுதினீர்கள். நாங்களும் விடாமல் படித்தோம். மகள் தாம்பரத்தில் இருக்கிறாள். அவளைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போதெல்லாம் பாலத்துக்கு அக்கரையிலேயே மண்டபத்தில் இறங்கி, மூட்டை முடிச்சோடு பஸ்ஸுக்கு ஓடிய முழங்கால்களுக்குத்தான் அந்தச் செய்திகளின் அருமை தெரியும். ஒரு பாலத்தை அத்தனை நாள் பின்தொடர முடிந்தவர்களால் ஒரு படகின் ஆட்களைப் பின்தொடர முடியாதா?

டிவி விவாதங்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். கச்சத்தீவு என்று ஆரம்பித்தால் நேராக 1974-க்குப் போய் உட்கார்ந்துகொள்வார்கள். யார் கொடுத்தது, யார் தடுக்கவில்லை என்று அரை மணி நேரம். சிறையில் இருப்பவனுக்கு அதனால் ஒன்றும் ஆவதில்லை.

எங்கள் பக்கத்துக் குறையையும் எழுதுங்கள். விசைப்படகுகள் இழுத்துப் போகிற இழுவைமடி வலை அடிமண்ணையே வாரிக்கொண்டு வருகிறது. இலங்கையில் 2017-ல் அதற்குத் தடைச் சட்டமே கொண்டுவந்துவிட்டார்கள். யாழ்ப்பாணத்து மீனவனும் தமிழன்தான். போரில் இத்தனை வருஷம் கடலுக்குப் போக முடியாமல் கிடந்தவன். அவன் விரித்த வலையை நம் படகு அறுத்துப் போனால் அவன் வீட்டு அடுப்பும் எரியாது. இதை நான் சொன்னால் இங்கே சிலருக்குப் பிடிக்காது. கிழவன் பேசினான் என்று விட்டுவிடட்டும். அதே 2017-ல் இழுவைப் படகை விட்டு ஆழ்கடலுக்குப் போகிறவர்களுக்கு 80 லட்ச ரூபாய்ப் படகு, 70 சதவீத மானியம் என்று திட்டம் வந்ததே, அது ஏன் எங்கள் பக்கம் பெரிதாக எடுபடவில்லை? மீதிப் பணத்துக்கு எங்கே போவது, ஆழ்கடல் தூண்டில் தொழிலை யார் கற்றுக்கொடுப்பது என்று இங்கே டீக்கடையில் பேசுகிறார்கள். உங்கள் நிருபர் அங்கே வந்து உட்கார்ந்தால் ஒரு பக்கக் கட்டுரை தேறும்.

அதனால் என் கோரிக்கை இதுதான். ஞாயிற்றுக்கிழமை மாவட்டப் பக்கத்தில் ஒரு சின்னக் கட்டம் ஒதுக்குங்கள். எந்தச் சிறையில் இன்னும் எத்தனை பேர், அடுத்த விசாரணை என்றைக்கு, இந்த வாரம் யார் ஊர் திரும்பினார்கள், எந்தப் படகு திரும்பவே போவதில்லை. அவ்வளவுதான். இடம் போதவில்லை என்றால் கட்சிக்காரர்கள் பொன்னாடை போர்த்திக்கொள்ளும் படங்களில் இரண்டைக் குறைத்துக்கொள்ளலாம். ராசிபலனில் மட்டும் கை வைத்துவிடாதீர்கள், அப்புறம் எனக்குக் காபியே கிடைக்காது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அஞ்சல் ஊழியர்,
தங்கச்சிமடம், ராமநாதபுரம் மாவட்டம்.