அக்காவுக்கு, அப்பாவின் திதிக்கு முன்

அன்புள்ள அக்கா,

அடுத்த மாதம் அப்பாவின் முதல் திதிக்கு வருகிறேன். முந்தின நாளே ரயிலில் வந்து சுங்கை சிப்புட்டில் இறங்கிவிடுவேன். உன்னோடு அடுப்படியில் நிற்பேன். குடும்பக் குழுவில் "அவ வருவாளா, வந்தா என்னத்தச் சாப்பிடுவா" என்று கேட்டவர்களுக்கும் இதுதான் பதில்.

போனில் சொல்லியிருக்கலாம். போனில் நீ "சரி சரி" என்பாய், நான் "சரிக்கா" என்பேன், இருவரும் வைத்துவிடுவோம். நாலு பேர் படிக்கிற இடத்தில் எழுதுவது உனக்குப் பிடிக்காது என்று தெரியும். ஆனால் போன வருஷம் கருமாதி அன்று நீயும் நாலு பேர் நடுவில்தான் பேசினாய். "இந்தப் பால்ல படிச்சு ஆளான பொண்ணு, இப்ப அதத் தொடமாட்டாளாம்." பந்தியில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அதுவரை நான் ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை அக்கா. நீ கொண்டுவந்து வைத்த பால் கலந்த தேத்தண்ணி டம்ளரைக் கொஞ்சம் தள்ளி வைத்தேன், அவ்வளவுதான்.

நான் வாயைத் திறக்காததை நீ திமிர் என்று எடுத்துக்கொண்டாய். அது திமிர் இல்லை. பால், நெய், கறி, முட்டை எல்லாவற்றையும் விட்ட பிறகு ஒரே ஒரு விஷயத்தில் பிடிவாதமாக இருந்தேன்: யாருக்கும் பிரசங்கம் பண்ணக்கூடாது. கோலாலம்பூரில் நான் போய்க்கொண்டிருந்த ஒரு வீகன் கூட்டத்துக்கு ஒரு வயதான அம்மா ஆசையாக அதிரசம் சுட்டுக் கொண்டுவந்தார். மாவில் நெய் விட்டீர்களா, வெண்ணெய் விட்டீர்களா என்று எல்லார் முன்னாலும் நிற்கவைத்துக் கேட்டார்கள். அந்த அம்மா சேலைத் தலைப்பால் டப்பாவை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அடுத்த மாதம் அவர் வரவில்லை. நானும் அங்கே போவதைக் குறைத்துக்கொண்டேன். மாட்டின் மேல் இரக்கப்படுகிறவர்களுக்கு எதிரில் இருக்கிற மனுஷியின் முகம் தெரியவில்லையே என்று எனக்கு ஆறவே இல்லை.

இன்னொரு காரணமும் உண்டு. நம் ஆட்களிடம் சைவம் என்று வாயெடுத்தால் அது சாப்பாட்டோடு நிற்பதில்லை. யார் உசத்தி, யார் தாழ்த்தி என்ற பழைய கணக்கு உடனே வந்து உட்கார்ந்துகொள்ளும். அப்பா கருவாட்டுக் குழம்பில் வளர்ந்தவர். ஜப்பான்காரன் காலத்தில், 1942இலிருந்து 1945வரை, பாட்டி மரவள்ளிக் கிழங்கை அவித்துத்தான் பிள்ளைகளைக் காப்பாற்றினார். தோட்டத் தொழிலாளர் லயத்து வீட்டில் கோழி அடித்தால் அது சம்பள நாள். ஆட்டுக்கறி என்றால் தீபாவளி. அப்படிப்பட்ட வீட்டில் நின்றுகொண்டு "கறி தின்பது பாவம்" என்று நான் சொன்னால், ஆட்டுக்காகப் பேசுகிறேன் என்று யார் காதில் விழும்? உங்களை இளக்காரமாகப் பேசுகிறேன் என்றுதான் விழும். இதற்கு மேல் இதை இங்கே எழுத வேண்டாம். யார் வீட்டு வாசலில் அப்பாவுக்குத் தனி டம்ளர் வைத்தார்கள் என்பது உனக்குத் தெரியும். அந்த வீட்டுக்காரர்கள் சுத்த சைவம்.

நான் பாலையும் கறியையும் விட்டதை வெள்ளைக்காரன் பழக்கம் என்கிறாராம் சித்தப்பா. வீகன் என்று பேர் வைத்தது அவர்கள்தான். 1944இல் இங்கிலாந்தில் டொனால்ட் வாட்சனும் இன்னும் சிலரும், கறியை மட்டும் விட்டால் போதாது, பாலும் முட்டையும்கூட வேண்டாம் என்று தனிச் சங்கம் ஆரம்பித்தார்கள். ஆனால் எனக்கு இதைக் கற்றுக்கொடுத்தது வாட்சன் இல்லை, இணையமும் இல்லை. நீ.

நம் பசு செவலை ஈன்ற அந்தக் காளைக்கன்றுக்கு நாம் பேர் வைக்கவில்லை. வைக்கக்கூடாது என்பது உன் சட்டம். கிடேரி என்றால் லயம் முழுக்கச் சொல்லிப் பேர் வைப்பாய். காளை என்றால் "போகப்போறதுக்கு எதுக்குப் பேரு" என்று முகத்தைத் திருப்பிக்கொள்வாய். எந்தச் செலவுக்காக அதை விற்றோம் என்று இங்கே எழுதமாட்டேன். அந்த ரசீது இன்னும் என் அலமாரியில் இருக்கிறது.

வியாபாரியின் லாரி மண்சாலையில் திரும்பியதுமே செவலை கத்த ஆரம்பித்தது. ராத்திரியும் விடவில்லை. பக்கத்து வீட்டு ஆத்தா எழுந்து வந்து "புள்ளயத் தேடுதுடி" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். நீ ஒரு சாக்கை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போய்ப் படுத்தாய். கொசு பிடுங்கும் என்று அப்பா கூப்பிட்டார், நீ வரவில்லை. மறுநாளும் அங்கேதான் படுத்தாய். விடியும் முன்னே, தோட்டத்து ஆள்கணக்குக்கு, பெரட்டுக்கு, போகிறவர்கள் அடுப்பு மூட்டுகிற நேரத்தில், கறக்க உட்கார்ந்தாய். எனக்குத் தூக்கம் வராமல் எழுந்து வந்து தட்டிக்குப் பின்னால் நின்றிருந்தேன்.

செவலை பாலை விடவில்லை. நம்மிடம் இருந்த மாடுகளின் வாகு அது. கன்று முட்டி ஊட்டினால்தான் சுரப்பு இறங்கும். நீ காம்பைக் கழுவினாய். மடியைத் தடவிக் கொடுத்தாய். தவிட்டில் வெல்லம் கலந்து முன்னால் வைத்தாய். அது வாயை வைக்காமல் சாலைப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தது. பாட்டில்களைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தாய், கடைத்தெருவில் இரண்டு தேத்தண்ணிக் கடைகள் உன்னை நம்பித் திறக்கும், நேரம் போய்க்கொண்டே இருந்தது. நீ அதட்டுவாய் என்று நினைத்தேன். நெற்றியை அதன் விலாவில் சாய்த்துக்கொண்டு, "எனக்கு வேற வழி தெரியலடி, மன்னிச்சுக்கோ" என்றாய். அப்புறம் தோள் குலுங்கியது. உனக்கு அப்போது கல்யாணம்கூட ஆகியிருக்கவில்லை. நான் ஓடிவந்து அப்பாவின் பக்கத்தில் போர்த்திப் படுத்துக்கொண்டேன். நான் அங்கே நின்றது இன்றுவரை உனக்குத் தெரியாது.

அன்றைக்கே பாலை விட்டுவிட்டேன் என்று பொய் சொல்லமாட்டேன். வருஷக்கணக்கில் குடித்தேன், நீ கொடுத்ததை ருசித்தே குடித்தேன். பிற்பாடு வேலைக்குப் போய், சொந்தக் காசில் சோறு வாங்க ஆரம்பித்தபோது, எனக்கு வேற வழி தெரிந்தது. அவ்வளவுதான் அக்கா நடந்தது. நீ வழி தெரியாமல் செய்தாய். எனக்கு வழி கிடைத்த பிறகும் நான் ஏன் செய்ய வேண்டும்?

ஈன்றால்தான் மாடு பால் தரும், ஒன்பது மாதத்துக்கு மேல் சுமக்கும், பிறப்பது காளையாக இருந்தால் அதற்குப் பால் பண்ணையில் இடம் கிடையாது. இதெல்லாம் நான் உனக்குச் சொல்லவேண்டியதே இல்லை. வீகன் கூட்டங்களில் படம் போட்டு விளக்குவதை நீ கையால் செய்து அறிந்தவள். பெரிய பண்ணைகளில் பிறந்த ஓரிரு நாளிலேயே கன்றைப் பிரித்துவிடுகிறார்கள். நீ சீம்பாலைக்கூடக் கன்று வயிறு நிறையக் குடித்த பிறகுதான் எடுப்பாய். மீந்ததில் சர்க்கரையும் ஏலக்காயும் போட்டு அவித்து அக்கம்பக்கத்துக்குக் கொடுத்தனுப்புவாய். உன்னையும் அந்தப் பண்ணைக்காரர்களையும் நான் ஒரே தட்டில் வைத்துப் பார்க்கிறேன் என்று நீயாக நினைத்துக்கொண்டு என் மேல் கோபப்படுகிறாய். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

இதை முன்னாலேயே சொல்லியிருக்கலாம் என்பாய். எப்படிச் சொல்வது? "அன்னைக்கு நீ அழுததைப் பார்த்துதான் பாலை விட்டேன்" என்றால், நீ செய்த தொழில் தப்பு என்று சொன்னதாகாதா? அந்தத் தொழிலில்தானே நான் சாப்பிட்டேன், பள்ளிக்கூடம் போனேன். தோட்டத்தில் கித்தா என்கிற ரப்பர் மரங்களை வெட்டிச் செம்பனை போட்டார்கள். இளம் செம்பனைகளின் ஓலையை மேய்கிறது என்று மாடுகளை அப்புறப்படுத்தச் சொல்லி நிர்வாகத்திலிருந்து கடிதம் வந்தது. அப்போதும் நீ ஆற்றோரத்தில் புல் அறுத்துத் தலையில் சுமந்துவந்து கட்டிவைத்துத் தீனி போட்டாய். தாமான் குடியிருப்பு வீட்டுக்கு மாறியபோதுதான் கடைசி மாட்டையும் கொடுத்தாய். இப்போது நீ பால் ஊற்றிய கடைகளில் டின் வைத்திருக்கிறார்கள். அதில் பல டின்களில் இருப்பது செம்பனை எண்ணெய் சேர்த்த இனிப்புக் கிரீமர். மாட்டை விரட்டிய மரம் பாலின் இடத்துக்கும் வந்துவிட்டது. கொஞ்சம் பால்மாவும் கலந்திருப்பதால் நான் அதைத் தொடுவதில்லை. உன்னைக் காயப்படுத்தியது போதும் என்றுதான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். அதற்கு நீ கொடுத்த பேர் திமிர்.

மன்னித்துக்கொள், நான் டம்ளரைத் தள்ளியிருக்க வேண்டாம், "எனக்கு தே ஓ, பால் இல்லாத தேத்தண்ணி போதும்க்கா" என்று முன்பே சொல்லியிருக்கலாம். ஆனால் நான் பால் குடிப்பதில்லை என்று தெரிந்துதானே நீ அதைக் கொண்டுவந்து வைத்தாய். தெரியாமல் வைத்தேன் என்று மட்டும் சொல்லாதே.

என் உடம்பைப் பற்றி நீ கவலைப்படுவது நிஜம், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. பி12 சத்து செடிகொடியில் கிடைக்காது. வளர்ந்தவர்களுக்கு நாளைக்கு 2.4 மைக்ரோகிராம் வேண்டும். அதற்கு மாத்திரை போடுகிறேன், ரத்தம் எடுத்தும் பார்க்கிறேன். கேழ்வரகு, எள், முருங்கைக்கீரை, சோயாவில் செய்கிற தௌபூ, தெம்பே எல்லாம் சாப்பிடுகிறேன். மெலிந்ததற்குக் காரணம் வேலை.

ஈப்போ கல்லுமலைத் தைப்பூசத்தில் நீ எனக்காக எடுத்த பால்குடத்தைப் பற்றி யாரோ கிளறிவிட்டிருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். அதைப் பற்றி இங்கே எதுவும் எழுதமாட்டேன். உன் நேர்த்திக்கடன், உன் சாமி. வெயிலில் உன் பக்கத்திலேயே தண்ணீர் பாட்டிலோடு நடந்து வந்தது யார் என்று கிளறிவிட்டவர்களிடம் கேள்.

சரி, திதிக்கு வருவோம். படையலில் அப்பாவுக்கு ஆட்டுக்கறிப் பிரட்டல் வைப்பாய். வை. அவருக்குப் பிடித்தது, நீ மூத்தவள், உன் வீடு. நிறுத்தச் சொல்லமாட்டேன், மூக்கைப் பொத்தமாட்டேன். ஆனால் நான் அதை நறுக்கவோ கிளறவோ பரிமாறவோ மாட்டேன், என்னைக் கூப்பிடாதே. சாம்பார், ரசம், வாழைக்காய்ப் பொரியல், கீரை மசியல், வடை என்னிடம் விட்டுவிடு. சம்பாலுக்கு இறால் பிளாச்சான் போடாமல் சோயாத் தவ்சு போட்டு அரைப்பேன், சித்தப்பாவுக்கு வித்தியாசம் தெரிகிறதா என்று பார். பாயாசம் தேங்காய்ப்பாலில். பந்தியில் எதையும் அறிவிக்கப்போவதில்லை. பிடித்தவர்கள் இரண்டாம் தரம் கேட்பார்கள், பிடிக்காதவர்கள் இலையில் விடுவார்கள். நான் இத்தனை காலம் எடுத்துக்கொண்டதை மற்றவர்கள் ஒரு பந்தியில் முடிக்க வேண்டும் என்று கேட்க எனக்கு உரிமை இல்லை.

ஒரே ஒரு இடத்தில் மட்டும் உன் பேச்சைக் கேட்கமாட்டேன். போன முறை உன் மகள் என் மடியில் ஏறி, "சித்தி, நீங்க ஏன் பால் குடிக்க மாட்டீங்க?" என்று கேட்டாள். நான் வாயைத் திறக்கும் முன் நீ அவளை இழுத்துக்கொண்டு போய்விட்டாய். பிள்ளைகள் மனதைக் கெடுக்கிறேன் என்று அத்தானிடம் சொன்னதும் என் காதுக்கு வந்தது. அவள் மறுபடி கேட்டால் சொல்வேன். அவளைப் பயமுறுத்துகிற மாட்டுக் கதை எதுவும் சொல்லமாட்டேன். உன் கையில் இருக்கிற டம்ளரைக் கீழே வை என்று சொல்லமாட்டேன். "அது கன்றுக்குட்டிக்குச் சுரக்கிற பால், அதனால எனக்கு வேணாம்மா" என்பேன். அதற்கு மேல் கேட்டால் உன்னிடம் அனுப்புவேன். செவலையைப் பற்றி நீ சொல். கொட்டகையில் படுத்ததையும் சேர்த்துச் சொல். எதைச் சொல்வது, எதை விடுவது என்பது உன் பாடு. ஆனால் அந்தப் பிள்ளையிடம் "சித்திக்குப் பைத்தியம்" என்று மட்டும் சொல்லாதே அக்கா. நான் அதைப் பொறுத்துக்கொள்ளமாட்டேன், திதி என்றும் பார்க்கமாட்டேன்.

அத்தானிடம் சொல்லி முற்றின தேங்காயாகப் பத்து வாங்கி வைக்கச் சொல். கடையில் பிழிந்த பால் வேண்டாம், நானே துருவிப் பிழிந்துகொள்கிறேன். ஈப்போ புந்தோங்கில் கச்சான் பூத்தே, அந்தக் கடலைப் பலகாரம், வாங்கி வருகிறேன், உனக்குத் தனிப் பொட்டலம்.

உன் தங்கச்சி