நூறு சோம் நோட்டில் இருக்கும் பாட்டுக்காரர்

அன்புள்ள தம்பி,

நலமா? இங்கே எல்லோரும் நலம். வயலில் உளுந்து பறித்துக்கொண்டிருக்கிறார்கள். வெயில் இப்போதே கொளுத்துகிறது. அங்கே கிர்கிஸ்தானில் பனி கரைந்து தெருவெல்லாம் சேறாக இருக்கிறது என்றாய். ஈரக் காலோடு ஷூ போடாதே.

வசந்தப் புத்தாண்டான நவ்ரூஸ் அன்று சதுக்கத்தில் எடுத்து நீ அனுப்பிய வீடியோவை எத்தனை தடவை பார்த்தேன் என்று கணக்கில்லை. இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். தலையில் வெள்ளைத் தொப்பி, மடியில் ஆளுக்கொரு மூன்று தந்தி வாத்தியம். ஒருவர் பாடி நிறுத்தியதும் அடுத்தவர் பிடித்துக்கொள்கிறார். "அம்மா, ரெண்டு பேரும் பாட்டுலயே சண்டை போடுறாங்க, ஒண்ணும் புரியலை, ஆனா கூட்டம் விழுந்து விழுந்து சிரிக்குது" என்று கீழே எழுதியிருந்தாய். அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை. போனில் பேசினால் வார்டுக்கு ஓடுகிற அவசரத்தில் "சரிம்மா, சரிம்மா" என்பாய். அதனால்தான் எழுதுகிறேன். நிதானமாகப் படி.

உன் தாத்தா லாவணி பாடுவார் என்று சொல்லியிருக்கிறேன். எப்படிப் பாடுவார் என்று சொன்னதில்லை. மாசி மாதம் காமன் பண்டிகைக்கு ஊர் நடுவில் பந்தல் போடுவார்கள். ஒரு பக்கம் எரிந்த கட்சி, மறுபக்கம் எரியாத கட்சி. சிவன் நெற்றிக்கண்ணைத் திறந்ததில் மன்மதன் எரிந்தான் என்று ஒருவர் பாட, எரியவில்லை என்று மற்றவர் மறுத்துப் பாடுவார். டேப்பு அடி ஓயாது. விடிய விடிய நடக்கும். தாத்தா எரியாத கட்சி. எதிராளி பாடும்போது கண்ணை மூடிக்கொண்டு தலையை ஆட்டிக்கொண்டே இருப்பார். தூங்குகிறாரோ என்று நினைப்பேன். அவர் நிறுத்திய அடுத்த நொடி, அவர் முடித்த அதே சொல்லில் தாத்தா எடுப்பார்.

உன் வீடியோவில் இடது பக்கம் இருப்பவரைப் பார். அவரும் கண்ணை மூடியிருக்கிறார். மொழி தெரியாமலே எனக்குப் புரிந்த இடம் அதுதான்.

அந்தப் போட்டிக்குப் பெயர் ஆய்திஷ். பாடுகிறவர் அக்கின். எழுதி வைத்துப் பாடாமல் அந்த நிமிஷத்தில் கட்டிப் பாடுகிறவரைத் தொக்மோ அக்கின் என்கிறார்கள். தொக்மோ என்றால் கொட்டுவது, ஊற்றுவது. இதைப் படித்தபோது எனக்கு உடனே காளமேகம்தான் நினைவுக்கு வந்தார். நம் ஆசுகவிக்கு மழை மேகத்தின் பெயர், அவர்கள் ஆசுகவிக்கு ஊற்றுகிறவன் என்று பெயர். பாடினால் பொழிய வேண்டும் என்று இரண்டு ஊரிலும் நினைத்திருக்கிறார்கள்.

பொழிந்தாலும் அளவு தப்பாது. வரிக்கு ஏழெட்டு அசை. வரிக் கடைசியில் ஒலி ஒன்றாக முடிய வேண்டும், வரித் தொடக்கத்திலும் மோனை மாதிரி எழுத்து ஒத்து வரும். நீ மறுபடி கேள், தெரியும். எதிராளி பாடும்போது அவர் சொன்னதை வாங்கிக்கொள்ள வேண்டும், பதிலைத் தேட வேண்டும், ஒலியைக் கோக்க வேண்டும். தன் முறை வந்ததும் வாத்தியத்தில் கை நிற்காமல் அதைப் பாடவும் வேண்டும். தயங்கினால் கூட்டத்துக்குத் தெரிந்துவிடும். நன்றாக விழுந்த வரிக்கு "பாரகெல்தே!" என்று கத்துவார்கள். நம் ஊர் "பலே"தான் அது. உன் வீடியோவில் பின்னாலிருந்து ஒரு பெரியவர் கத்துவது அதுதான் என்று நினைக்கிறேன்.

என்ன பாடுவார்கள் என்று கேட்டாய். ஒருவரை ஒருவர் கேலி செய்வார்கள். ஊர்ப் பெருமை பேசுவார்கள். விலைவாசியைப் பாடுவார்கள், அதிகாரத்தில் இருப்பவர்களை அவர்கள் முகத்துக்கு நேரேயே கேட்பார்கள். வெறும் பேச்சில் சொன்னால் பகையாகிற ஒன்று பாட்டில் வந்தால் சபை ஏற்றுக்கொள்கிறது. அதற்காக ஒருவரும் துன்பப்படவில்லை என்று நினைத்துவிடாதே. அதற்குத்தான் வருகிறேன்.

முதல் வருஷம் உன்னைக் கல்லூரியில் சேர்க்க வந்த அப்பா அந்த ஊர்ப் பணத்தில் நூறு சோம் நோட்டு ஒன்றைக் கொண்டுவந்தார். அதைப் பஞ்சாங்கத்துக்குள் வைத்திருக்கிறேன். அதில் இருப்பவர் யாரோ அரசர் என்றுதான் இவ்வளவு நாளும் நினைத்தேன். அவர் ஒரு பாட்டுக்காரர், தம்பி. தொக்தோகுல் சத்தில்கானோவ். 1864இல் கெட்மென்-தொபோ பள்ளத்தாக்கில் ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர். அவருடைய அம்மா பெயர் புர்மா. அந்த அம்மாள் ஒப்பாரி பாடுவதில் பேர் பெற்றவராம். கொஷோக் என்கிறார்கள். சாவுக்கும் பாடுவார்கள், கல்யாணமாகிப் போகும் பெண்ணை வழியனுப்பவும் பாடுவார்கள். பையனுக்குப் பாட்டு அம்மாவிடமிருந்துதான் வந்திருக்க வேண்டும்.

பதினெட்டு வயதில், பணக்காரர்கள் ஆதரவில் பாடிக்கொண்டிருந்த அர்ஜிமத் என்ற அக்கினை ஆய்திஷில் வென்றார். அங்கிருந்துதான் பேர் பரவியது. ஆனால் வாய் சும்மா இருக்கவில்லை. அந்தப் பகுதியை ஆட்டிப் படைத்த ரிஸ்குல்பெக் வீட்டுப் பிள்ளைகள் ஐந்து பேரை "ஐந்து காட்டுப் பன்றிகள்" என்று பாடினார். 1898இல் ஆண்டிஜானில் ரஷ்ய ஆட்சிக்கு எதிராகக் கலகம் நடந்தபோது, இவருக்கும் அதில் பங்கு உண்டு என்று பகையாளிகள் காட்டிக்கொடுத்தார்கள். முதலில் மரண தண்டனை. பிறகு அதை மாற்றி ஏழு வருஷம் சைபீரியாவில் கடும் உழைப்பு.

விலங்கு போட்டுக் கொண்டுபோகும்போது அவர் அம்மாவிடம் விடைபெற்றுப் பாடிய பாட்டு இன்றும் இருக்கிறது. "கோஷ், அபாகே". போய் வருகிறேன், அம்மா. உங்கள் ஊரில் அபா என்றால் அம்மா, அத்தா என்றால் அப்பா, இல்லையா? நம் கடைத்தெரு பாய் வீட்டுப் பிள்ளைகளும் அப்பாவை அத்தா என்றுதான் கூப்பிடுவார்கள். பொருள் தெரிந்த பிறகு அந்தப் பாட்டை என்னால் முழுதாகக் கேட்க முடியவில்லை. சென்னை விமான நிலையத்தில் உன் பெட்டி கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் போனது ஞாபகம் வந்துவிடுகிறது. நீ படிக்கத்தான் போனாய், விலங்கோடு போகவில்லை. ஆனாலும் கேட்க முடியவில்லை.

சைபீரியாவிலிருந்து தப்பி ஊர் வந்து சேர்ந்தார். மகன் தோப்சுபாய் அதற்குள் இறந்துபோயிருந்தான். மனைவியை வேறு இடத்தில் கட்டிக்கொடுத்துவிட்டார்கள். மகன் பெயரில் ஒரு கூ இருக்கிறது. பாட்டு வரிகள் இல்லாமல் வாத்தியத்தில் மட்டும் வாசிப்பது கூ. சொல்லைக் கொட்டிப் பழகிய மனுஷர் பிள்ளைக்காகச் சொல்லே இல்லாமல் வாசித்திருக்கிறார்.

அந்த வாத்தியம் கொமுஸ். பெரும்பாலும் ஆப்ரிகாட் பழ மரத்தில் ஒரே கட்டையைக் குடைந்து செய்வது. நம் தஞ்சாவூரில் ஒரே பலாக்கட்டையில் ஏகாண்ட வீணை செய்வது போல. வீணைக்கு மெட்டு உண்டு, இதற்கு இல்லை. விரலும் காதும்தான் சுருதி பார்க்க வேண்டும். முன்பு ஆட்டுக் குடல் நரம்பு கட்டினார்கள், இப்போது நைலான். வழக்கமாகச் சுருதி கூட்டும்போது மூன்றில் நடுத் தந்திதான் உயரமாகப் பேசுமாம். கை தேர்ந்தவர்கள் வாசித்துக்கொண்டே அதைத் தோளுக்கு மேல் தூக்குவார்கள், தலைகீழாகத் திருப்புவார்கள், கையை அபிநயம் மாதிரி வீசிக் கதை சொல்வார்கள். தெமிர் கொமுஸ் என்று இன்னொன்று விற்பார்கள், கேட்டுப் பார். இரும்புக் கொமுஸ். பல்லில் வைத்து விரலால் தட்டுவது. நம் மோர்சிங்கேதான். விலை அதிகமில்லை என்றால் எனக்கு ஒன்று வாங்கி வா.

ஒன்றைக் குழப்பிக்கொள்ளாதே. கிர்கிஸ் மக்களின் வீர காவியமான மனாஸைச் சொல்பவர் அக்கின் இல்லை, மனாஸ்சி. அவருக்கு வாத்தியமே கிடையாது, குரலும் கையும்தான். ஐந்நூறு சோம் நோட்டில் இருக்கும் சயாக்பாய் கராலாயேவ் அப்படிப்பட்டவர். அவர் சொல்ல எழுதிக்கொண்டது 5,00,553 வரி. கம்பராமாயணத்தைப் பத்தாயிரம் பாட்டு என்கிறோம், பாட்டுக்கு நாலு வரி என்றால் 40,000 வரிதான் வருகிறது. நான் நூலகத்தில் இத்தனை வருஷம் புத்தகம் அடுக்கியவள். ஒரு மனுஷர் தலைக்குள் அவ்வளவு பெரிய அலமாரி இருந்தது என்று நினைத்தால் கும்பிடத் தோன்றுகிறது. இருபது சோமில் இருக்கும் தொகோலோக் மோல்தோவும் அக்கின்தான். பாட்டுக்காரர்களை நோட்டில் அச்சடிக்கிற நாட்டில் நீ படிக்கிறாய். டாக்ஸிக்கு நோட்டை நீட்டும்போது ஒரு தடவை முகத்தைப் பார்த்துவிட்டு நீட்டு.

இப்போது நான் சொல்ல வந்ததைச் சொல்கிறேன். தாத்தா பாட்டு எதுவும் மிஞ்சவில்லை. நோட்டுப் புத்தகத்தில் எழுதமாட்டார், எழுதினால் எதிராளிக்குப் பதில் சொல்ல முடியாது என்பார். பொம்பளைப் பிள்ளை என்று என்னைப் பந்தலுக்குப் பின்னால் உட்காரவைத்தார்கள். பக்கத்து வீட்டில் டேப் ரெக்கார்டர் இருந்தது. கேட்டிருந்தால் கொடுத்திருப்பார்கள். கேட்கத் தோன்றவில்லை எனக்கு. அவர் போன பிறகு ஒரு மெட்டு மட்டும் இருக்கிறது, அதுவும் பாதி.

அங்கே உஸ்தாத், ஷாகிர்த் என்று குருவும் சீடனுமாக உட்கார்ந்து படிக்கிறார்கள். குரு இரண்டு உள்ளங்கையையும் விரித்து ஆசி சொன்ன பிறகுதான் சீடன் சபை ஏறுவானாம். அந்த ஆசிக்குப் பெயர் பதா. பெண்களும் இப்போது மேடையில் உட்கார்ந்து பாடுகிறார்கள். அதைப் படித்ததும் எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. கிர்கிஸ் அக்கின்களின் கலையை யுனெஸ்கோ 2003இலேயே மதித்து அறிவித்தது. 2015இல் கசாக் மக்களோடு சேர்த்து ஆய்திஷையும் பட்டியலில் சேர்த்தார்கள். நல்லதுதான். ஆனால் பட்டியலா அதைக் காப்பாற்றும்? கூட்டத்தில் "பாரகெல்தே" சொன்ன அந்தப் பெரியவர்தான் காப்பாற்றுகிறார்.

ஆகையால் நீ நேரில் போக வேண்டும். தொக்தோகுல் பெயரில் இருக்கும் பில்ஹார்மோனிக் இசை அரங்கை, வாசலில் மனாஸ் சிலை நிற்குமே, அதைத் தாண்டித்தான் போகிறாய் என்றாயே. அங்கே ஆய்திஷ் நடக்கும்போது உன் கிர்கிஸ் சிநேகிதன் யாரையாவது கூட்டிக்கொண்டு போ. வரிக்கு வரி பொருள் கேள். சிரிப்பு எந்தச் சொல்லில் வந்தது என்று கேள். வீடியோ எடு, அதில் பொருளையும் உன் குரலில் சொல்லி அனுப்பு.

அப்புறம், வார்டில் ஒரு பாட்டி ரஷ்ய மொழி பேசமாட்டார், கேள்வி கேட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார், ராத்திரியில் மட்டும் ஏதோ முனகுகிறார் என்றாய். வலியில் முனகுகிறாரா என்று முதலில் நன்றாகப் பார். வலி இல்லை என்றால் அது பாட்டாக இருக்கலாம். பக்கத்தில் உட்கார்ந்து கேள். "அபா, இது யார் பாட்டு?" என்று அவர் மொழியில் கேட்க நாலு வார்த்தை கற்றுக்கொண்டு போ. அவர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுது.

பருப்புப் பொடியும் நார்த்தங்காய் ஊறுகாயும் ஊருக்கு வந்து திரும்புகிற பையன் ஒருவனிடம் கொடுத்து அனுப்பியிருக்கிறேன். ஊறுகாயை நன்றாகக் கட்டியிருக்கிறேன், ஆனாலும் புத்தகத்தோடு வைக்காதே.

அன்புடன்,
அம்மா