காவேரிப்பாக்கம் ஏரிக்கரையில் பார்த்த அந்த ஐயாவுக்கு

பழவேற்காட்டுக்குக் கடற்காக்கையைப் படம் எடுக்கப் போகும் முன் கொஞ்சம் பழகிக்கொள்ளலாம் என்று காட்பாடியிலிருந்து காவேரிப்பாக்கம் ஏரிக்குப் போயிருந்தேன். நூறு படம் எடுத்தும் எல்லாப் பறவையும் வெள்ளைத் துணி மாதிரி வெளுத்துப்போய்க் கிடந்தது.

கரையில் டிவிஎஸ் வண்டியை நிறுத்திவிட்டு வந்த பெரியவர் எட்டிப் பார்த்தார். "தம்பி, இது கடற்காக்கை இல்ல, ஆத்து ஆலா. மஞ்சள் மூக்கைப் பாரு, வால் பிளந்திருக்கு பாரு" என்றார். அப்புறம்தான் பாடமே. கருத்த தண்ணீருக்கு மேல் வெள்ளைப் பறவை பறந்தால் கேமரா ஏமாந்து வெளிச்சத்தைக் கூட்டிவிடுமாம். ஒரு ஸ்டாப் குறைக்கச் சொன்னார், அதாவது வெளிச்சத்தைப் பாதியாக்க. ஷட்டர் வேகம் 1/2000 நொடி, வெயில் முதுகுப் பக்கம், ஃபோகஸ் கண்ணில். டீ கூட அவர் காசுதான்!

போன ஞாயிறு பழவேற்காட்டில் பழுப்புத்தலைக் கடற்காக்கை கிடைத்தது. குளிர்காலம் என்பதால் தலையில் பழுப்பு இல்லை, காதோரம் ஒரு கரும்புள்ளி மட்டும். கறுத்த இறக்கை நுனியில் இருக்கும் வெள்ளைப் பொட்டுகூடப் படத்தில் தெளிவாக விழுந்திருக்கிறது.

பேர் கேட்க மறந்துவிட்டேன். ரொம்ப நன்றி ஐயா. அடுத்த டீ என் கணக்கு.